கத்தியில்லாமல் அடைப்பு கரையுமா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் நான்கு, இதயம் பற்றியவை. அவற்றில் ஈரோடு மாவட்ட வாசகி ஒருவரின் கடிதம் கொஞ்சம் நீளம். ஆனால், பல வீடுகளில் இதே பேச்சு நடப்பதால் சுருக்காமல் தரப்படுகிறது.

"அப்பாவுக்கு வயது 58. ஒன்றரை ஏக்கரில் மஞ்சள், மீதியில் சோளத்தட்டு, இரண்டு எருமை. எட்டு வருடமாகச் சர்க்கரை உண்டு. பீடியை இன்னும் விடவில்லை. ஆறு மாதமாக, தட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்கிறார். உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஆஞ்சியோ எடுத்ததில் இரண்டு குழாயில் 70 சதவிகித அடைப்பு. 'ஸ்டென்ட் வைக்கலாம், மாத்திரையில் கொஞ்ச நாள் பார்த்துவிட்டும் முடிவு செய்யலாம்' என்று டாக்டர் சொன்னார். இதற்கிடையில் மாமா ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். காலில் பட்டை கட்டி, 35 நாளில், கத்தியில்லாமல் அடைப்பைக் கரைத்துவிடுவார்களாம். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். அம்மாவின் நகையை அடகு வைக்கப் பேச்சு நடக்கிறது. 'அதுதான் கரைந்துவிடுமே' என்று அப்பா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். என்ன செய்வது?"

நகை விஷயம் ஒரு மாதம் பொறுக்கலாம். மாத்திரை ஒரு நாளும் பொறுக்காது. நிறுத்திய மாத்திரையை இன்றைக்கே மீண்டும் தொடங்க வேண்டும். நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்பதை அந்த டாக்டரிடம் போனிலாவது சொல்லிவிட வேண்டும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அடைப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

'அடைப்பு' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு விஷயங்களுக்குச் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாய்க்காலில் வருடக்கணக்கில் வண்டல் படிந்து தண்ணீர் குறைவது ஒன்று. கரை சரிந்து ஒரே நாளில் வாய்க்கால் மூடிக்கொள்வது இன்னொன்று. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் கொழுப்பு பல ஆண்டுகளாகப் படிந்து தடிப்பது முதல் வகை. வேலை செய்யும்போது இதயத் தசைக்கு அதிக ரத்தம் வேண்டும், ஒடுங்கிய குழாயால் கொடுக்க முடியாது, நெஞ்சு அழுத்தும். உட்கார்ந்தால் தேவை குறையும், வலியும் போய்விடும். வாசகியின் தந்தைக்கு இருப்பது இதுதான்.

மாரடைப்பு இரண்டாவது வகை. அந்தக் கொழுப்புப் படிவத்தின் மேல்தோல் வெடித்து, வெடிப்பின் மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் மூடிக்கொள்கிறது. இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு. வெடிப்பது எப்போதும் 70, 80 சதவிகித அடைப்புதான் என்றில்லை. வலியே தராத 40 சதவிகிதப் படிவமும் வெடிக்கலாம். ஸ்டென்ட் வைத்தால் அது ஓர் இடத்தைத்தான் விரித்துக் கொடுக்கும். மற்ற இடங்களில் உள்ள படிவங்களை வெடிக்காமல் காப்பவை, தினமும் போடும் மாத்திரைகள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை படிவத்தின் மேல்தோலை உறுதியாக்குகிறது. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மாத்திரை என்பதாலேயே நம் வீடுகளில் அதற்கு மதிப்பு இருப்பதில்லை. ஒரு லட்சம் கேட்கும் சிகிச்சைதான் வேலை செய்யும் என்று தோன்றிவிடுகிறது.

சரி, 70 சதவிகித அடைப்பை வைத்துக்கொண்டு மாத்திரையில் காத்திருப்பது ஆபத்தில்லையா? இந்தக் கேள்விக்குப் பெரிய ஆய்வுகள் பதில் சொல்லியிருக்கின்றன. 2007-ல் வெளியான 'கரேஜ்' ஆய்வில் 2,287 பேர் பங்கேற்றனர். எல்லோரும் நிலையான நெஞ்சுவலி வகையைச் சேர்ந்தவர்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட், மாத்திரை இரண்டும். மீதிப் பேருக்கு மாத்திரையும் பழக்க மாற்றமும் மட்டும். சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்ததில், இறப்பிலும் மாரடைப்பிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. 2020-ல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு இதைவிடப் பெரியது. இந்தியா உட்பட 37 நாடுகள், 5,179 பேர். முதலிலேயே ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்களும், முதலில் மாத்திரையில் தொடங்கியவர்களும் ஆயுளில் ஒன்றாகவே இருந்தார்கள். ஸ்டென்ட், பைபாஸ் பிரிவில் நெஞ்சுவலி கூடுதலாகக் குறைந்தது. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு அந்தப் பலன் நன்றாகவே தெரிந்தது. ஆக, வலி தாங்க முடியாமல் வேலை கெடுகிறது என்றால் ஸ்டென்ட் வைப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 'இந்த வாரமே வைக்காவிட்டால் உயிர் போய்விடும்' என்பது இந்த வகை நோயாளிக்குப் பொருந்தாது.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இடப்பக்கத்தின் தாய்க்குழாயிலேயே அடைப்பு இருந்தாலோ, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தாலோ கணக்கு மாறிவிடும். அப்படிப்பட்டவர்களை 'இஸ்கீமியா' ஆய்விலேயே சேர்க்கவில்லை. சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்களில் ஸ்டென்ட்டைவிட பைபாஸ் அதிகம் பேரைக் காப்பாற்றுகிறது என்பது 2012-ல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வில் தெரியவந்தது. எனவே வாசகியின் குடும்பம் நோட்டீஸை வைத்து முடிவு செய்யாமல், ஆஞ்சியோ எடுத்த டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு வர வேண்டும். தாய்க்குழாயில் அடைப்பு உண்டா? எக்கோவில் பம்ப்பிங் எத்தனை சதவிகிதம்? சர்க்கரையும் இருப்பதால் அப்பாவுக்கு மாத்திரை, ஸ்டென்ட், பைபாஸ் மூன்றில் எது, ஏன்? இந்த மூன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டிய அவசியமில்லை. ஆஞ்சியோ சி.டி.யை வாங்கிக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவில் இரண்டாவது கருத்தும் கேட்கலாம்.

இனி அந்த நோட்டீஸ். அதில் இருப்பது ஈ.ஈ.சி.பி. என்ற சிகிச்சை. மோசடியான சிகிச்சை அல்ல. மோசடி, அதைப் பற்றிச் சொல்லப்படும் 'கரைக்கும்' என்ற சொல்லில் இருக்கிறது.

நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்து, கெண்டைக்கால், தொடை, இடுப்பின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் பெரிய பட்டைகளைச் சுற்றுவார்கள். பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை போலத்தான் இருக்கும். இதயத் துடிப்பைக் காட்டும் ஈ.சி.ஜி.யோடு இயந்திரம் இணைந்திருக்கும். இதயம் சுருங்கி ரத்தத்தை அனுப்பிவிட்டு விரியும் நேரத்தில், பட்டைகள் கீழிருந்து மேலாக ஒன்றன்பின் ஒன்றாக இறுகும். காலில் உள்ள ரத்தம் இதயத்தை நோக்கித் தள்ளப்படும். இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் விரியும் நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்துக் கூடுதல் ரத்தம் வந்து சேர்கிறது. அடுத்த துடிப்புக்குச் சற்று முன் காற்று சட்டென்று இறங்கிவிடும். இதயத்துக்கு அடுத்த தடவை ரத்தத்தைத் தள்ளும் சுமை குறையும். இப்படி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள், ஏழு வாரம். மொத்தம் 35 மணி நேரம்.

இதைப் பற்றி நடந்த முக்கியமான ஆய்வு 1999-ல் வெளியானது. அமெரிக்காவில் ஏழு மையங்களில் 139 பேர். பாதிப் பேருக்கு உண்மையான அழுத்தம். மீதிப் பேருக்குப் பட்டை கட்டி, பலன் தராத அளவுக்கு லேசாக மட்டும் அழுத்தினார்கள். உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நெஞ்சுவலி வரும் தடவைகள் குறைந்தன. ட்ரெட்மில்லில் நடக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதைக் காட்டும் மாற்றம் தாமதமாக வந்தது. பக்கக்கிளைக் குழாய்கள் திறந்துகொள்ள இது உதவலாம் என்பது ஒரு விளக்கம். குழாய்ச் சுவரின் வேலை சீராகிறது என்பது இன்னொன்று. ஆனால் படிந்த கொழுப்பைக் கரைப்பதாகவோ, ஆயுளைக் கூட்டுவதாகவோ அந்த ஆய்வு காட்டவில்லை. மாத்திரை கொடுத்தும் வலி நிற்காமல், ஸ்டென்ட்டும் பைபாஸும் செய்ய வழியில்லாத நோயாளிக்கு, வலியைக் குறைக்க முயன்று பார்க்கலாம் என்ற இடத்தில்தான் மருத்துவ வழிகாட்டுதல்கள் இதை வைத்திருக்கின்றன. வரிசையில் இது கடைசியில் வருவது. நோட்டீஸில் முதலில் வந்துவிட்டது.

யாருக்குக் கூடாது என்பதை நோட்டீஸ்கள் சொல்வதேயில்லை. மகாதமனி வால்வில் கசிவு உள்ளவர்கள், வயிற்றில் மகாதமனி வீங்கியிருப்பவர்கள், காலில் ரத்தக்கட்டி உள்ளவர்கள், கால் குழாய்களில் கடுமையான அடைப்பு உள்ளவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் இதைத் தவிர்க்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரையும் பீடியும் சேர்ந்தவருக்குக் கால் குழாய் கெட்டிருப்பது சாதாரணம். கால் தோல் உரிந்து புண்ணாகவும் வாய்ப்புண்டு. சர்க்கரைக்காரருக்குக் காலில் புண் என்றால் அது தனிக்கதை. எட்டு வருடச் சர்க்கரை உள்ள ஒருவரின் காலைப் பரிசோதிக்காமலேயே பட்டை கட்ட ஒரு மையம் தயார் என்றால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

ஏழு வாரம் தினமும் டவுனுக்குப் போய்வரும் பஸ் செலவு, பால் கறவை, தண்ணீர் முறை, உடன் போகிறவரின் கூலி ஆகியவை அந்த ஒரு லட்சத்தில் சேராதவை.

சில இடங்களில் இதோடு சேர்த்து 'கீலேஷன்' என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவார்கள். ரத்தக்குழாயைக் கழுவிவிடும் என்று சொல்வார்கள். மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2024-ல் வெளியானது. பலன் இல்லை.

உணவு, உடற்பயிற்சியாலேயே அடைப்பைப் போக்கிவிடலாம் என்று சொல்கிறவர்கள் அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் 1990-ல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். ஆய்வு உண்மைதான். கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, நடை, யோகா, புகை நிறுத்தம் எல்லாம் சேர்த்து ஓராண்டு கடைப்பிடித்தவர்களுக்குச் சராசரி அடைப்பு 40 சதவிகிதத்திலிருந்து 37.8 ஆனது. கடைப்பிடிக்காதவர்களுக்கு 42.7-லிருந்து 46.1 ஆகக் கூடியது. ஆய்வில் இருந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. கரைந்து காணாமல் போகவில்லை. வளர்வது நின்று, ஒரு துளி பின்வாங்கியது. அதுவே பெரிய விஷயம். கத்தியில்லாத சிகிச்சை என்று ஒன்று உண்டென்றால் அது இந்தப் பக்கம்தான் இருக்கிறது: மாத்திரை, பீடி நிறுத்தம், சர்க்கரைக் கட்டுப்பாடு, நடை. வாசகியின் தந்தைக்கு முதலில் இவற்றை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்ப்பது, டாக்டரே கொடுத்த இரண்டாவது வழி. அதற்கு நகை தேவையில்லை. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. பின்னால் ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்பட்டால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. அந்த அட்டை இல்லாவிட்டால் நகைக்கடைக்குப் போகும் முன் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்வரலாம்.

ஆனால் இந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. இதுவரை மேட்டில் ஏறினால் வந்த வலி சமதரையில் நடந்தாலே வந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தால், தூக்கத்தில் எழுப்பினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உட்கார்ந்தும் வலி நிற்காமல் நீடித்தால், வியர்வை, மூச்சுத்திணறல், வாந்தி, தாடைக்கோ கைக்கோ இழுக்கும் வலி சேர்ந்தால், அது மாரடைப்பு என்றே வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதி, மூச்சுத்திணறல், நெஞ்செரிச்சலாகவும் வரலாம். ஓமத்தண்ணீர், சோடா, இஞ்சிச்சாறு என்று 'வாயு'வுக்கு வைத்தியம் பார்த்துக் கழியும் ஒரு மணி நேரத்தில்தான் இதயத் தசை செத்துப்போகிறது. பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போவதும் வேண்டாம். வழியில் துடிப்பு நின்றால் பைக்கில் ஒன்றும் செய்ய முடியாது.

மருத்துவமனை தூரமென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகளின் முதல் தவணையை அங்கேயே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே, புதிதாக உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, உடனடி ஸ்டென்ட்டோ கிடைக்கும். மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் உயிர் காக்கும் சிகிச்சை. 'மாத்திரையில் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கரைப்பது என்ற சொல் உண்மையாகப் பொருந்துவதும் இந்த ஊசிக்குத்தான்.

அடுத்து, திருவாரூர் மாவட்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நாள் முழுக்க வயலில் உழைக்கிறவனுக்கு மாரடைப்பு எப்படி வரும்? எங்கள் தெருவில் ஒரே வருடத்தில் இரண்டு பேர்."

உழைப்பு நல்லதுதான். ஆனால் இப்போது உழவும் அறுப்பும் இயந்திரத்தில். வயலுக்குப் போவது பைக்கில். வருடத்தில் சில வாரம் உடம்பு முறியும் வேலை, மற்ற மாதங்களில் டீக்கடை பெஞ்சு என்பதே பல ஊர்களின் நிலை. தினமும் உழைத்தாலும் அது புகையிலையையும் பிரஷரையும் ஈடுகட்டாது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல் சொன்னது இதுதான்: மாரடைப்பு அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு, அளந்து பார்க்கக்கூடிய ஒன்பது காரணங்களே பொறுப்பு. புகையும் கெட்ட கொழுப்பும் முன்வரிசையில். பிரஷர், சர்க்கரை, தொப்பை, மனஉளைச்சல் எல்லாம் அடுத்து. அதே ஆய்வில், இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாட்டினருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாக, 53 வயதுவாக்கில் வந்தது. புகையிலையை மெல்லுகிறவர்களுக்கும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல். 'பீடியை விட்டுவிட்டேன், இப்போது வெற்றிலையோடு கொஞ்சம் போயிலைதான்' என்பது ஆறுதல் இல்லை.

மனஉளைச்சல் என்பதைப் படித்துவிட்டுக் கடந்துபோக முடியாது. கடன் தவணையும் விலை வீழ்ச்சியும் இருக்கிற வீட்டில் 'டென்ஷன் ஆகாதீர்கள்' என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. முடிவது தூக்கம். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருகிற ஊர்களில், இரண்டு மணிக்கு மோட்டார் போடப் போகும் முறையை வீட்டில் ஒருவர் மேலேயே வைக்காமல் மாற்றிக்கொள்ளலாம். 30 வயதானவர்கள் வருடம் ஒருமுறையாவது சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டால், தெருவில் அடுத்தவர் யார் என்பது முன்பே தெரிந்துவிடும்.

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஓர் இல்லத்தரசி: "செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் எவ்வளவு சாப்பிட்டாலும் இதயத்துக்கு நல்லது என்கிறார்கள். ரேஷன் பாமாயில் விஷம் என்கிறார்கள். உண்மையா?"

இரண்டும் மிகை. செக்கில் ஆட்டுவதால் மணமும் சில சத்துகளும் கூடுதலாக நிற்கும்; கொழுப்பின் வகை மாறாது. ரத்தக் கொழுப்பைக் கூட்டும் நிறைகொழுப்பு தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவிகிதம், பாமாயிலில் ஏறத்தாழ 50, கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் அதைவிடக் குறைவு. ஏற்கெனவே அடைப்பு உள்ளவர் வீட்டில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாறி மாறிப் புழங்குவது நல்லது. பாமாயில்தான் கிடைக்கிறது என்றால் அதைத் தாளிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணெயானாலும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்ற அளவு முக்கியம். வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை விட்டாலே பாதி வேலை முடிந்தது.

எண்ணெயைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிற நாம் உப்பைக் கண்டுகொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறிய ஸ்பூன். பழைய சோற்றில் ஒரு கை உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், மதியம் கருவாடு, கூட மோர்மிளகாய் என்றால் அந்த அளவு மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமே போதும்.

கடைசிக் கேள்வி, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஒரு மாதமான பெரம்பலூர் மாவட்ட விவசாயியின் மனைவி கேட்டது: "வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறார். கட்டிலை விட்டு எழுவதில்லை. பருத்திக்கு மருந்து அடிக்க வேண்டும். எப்போது வேலைக்குப் போகலாம்?"

பயம் இந்தக் கட்டத்தில் பலருக்கும் வருவது. கட்டிலில் படுத்தே இருப்பதால் இதயம் பலம் பெறாது. டாக்டர் எழுந்து நடக்கச் சொல்லியிருந்தால் சமதரையில் ஐந்து, பத்து நிமிடம் காலையும் மாலையும் தொடங்கி, சில நாளைக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, அரை மணி நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பேச மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். மனைவியும் சேர்ந்து நடந்தால் பயமும் தெளியும். சாப்பிட்டவுடனும் உச்சி வெயிலிலும் வேண்டாம்.

இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம், எளிய யோகாவை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. மூன்று மாதத்தில் 13 வகுப்புகள். வீட்டிலும் செய்ய வேண்டும். மறுபடி மாரடைப்பு, இறப்பு ஆகியவற்றில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவது மேம்பட்டது, வாழ்க்கைத் தரம் கூடியதாகவும் சொன்னார்கள். மூச்சுப்பயிற்சியையும் மென்மையான ஆசனங்களையும் கற்றுக்கொள்ள வழியிருந்தால் செய்யலாம். மூச்சை அடக்கிப் பிடிப்பதும், தலைகீழாக நிற்பதும் கூடாது.

மருந்து அடிப்பது மட்டும் இன்னும் பொறுக்கட்டும். 16 லிட்டர் கைத்தெளிப்பான் நிரம்பினால் முதுகில் 20 கிலோவரை ஏறும்; கை ஓயாமல் அடிக்கும்; முகமூடியோடு வெயில் வேறு. தண்ணீர் மடை திருப்புவது, மேற்பார்வை, மாட்டுக்குத் தீவனம் எடுத்து வைப்பது போன்றவற்றிலிருந்து தொடங்கலாம். மூட்டை, தெளிப்பான், மண்வெட்டி வேலைக்கு முன் டாக்டர் எக்கோவும் தேவைப்பட்டால் ட்ரெட்மில்லும் பார்த்து அனுமதிக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மாதமாவது ஆகும். பைபாஸ் செய்தவர்களுக்கு மார்பெலும்பு கூட மூன்று மாதம் வேண்டும். இந்தப் பருவத்துக்கு மருந்தடிக்க ஆள் வைப்பதே சரி.

இன்னும் இரண்டு விஷயம் அந்த வீட்டில் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பு வலி, முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுபவை. ஊசியாகப் போட்டாலும் அப்படித்தான். 'எனக்கு ஸ்டென்ட் இருக்கிறது' என்று சொல்லி வேறு மாத்திரை கேட்க வேண்டும். மற்றது, ஸ்டென்ட்டுக்குப் பின் கொடுக்கும் இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள். இவற்றை மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக ஓராண்டு சேர்த்துத் தருவார்கள். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். பல் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. மாத்திரைச் சீட்டைப் போனில் படம் எடுத்து, மகனோ மகளோ வெளியூரில் இருந்தால் அவர்களிடமும் ஒன்று அனுப்பி வைத்துவிடலாம்.